மினுமினுப்பு போன ஸ்டீயரிங்: ஒரு நிகழ்வு ஆய்வு

என் காரின் தோல் போர்த்திய ஸ்டீயரிங்கைப் புதுப்பிக்க நான் இரண்டு முறை வேலை செய்தேன். முதல் முறை ஒன்றரை மணி நேரம் செலவழித்தேன், 12 நாள் தாங்கியது. இரண்டாம் முறை ஐந்து நாளில், இடைவெளி விட்டு, மொத்தம் ஒன்பது மணி நேரம் செலவழித்தேன், ஆறு மாதம் தாண்டியும் நிற்கிறது. இரண்டு முறையும் பூசிய நிறம் ஒரே பாட்டிலில் இருந்து வந்ததுதான். பூசியதும் இதே கைதான். பிறகு எங்கே பிசகியது என்று பின்னோக்கிப் பார்த்து எழுதியது இது. முதல் முறை செய்த தப்புகளை மறைக்கவில்லை. உபயோகமான பகுதியே அதுதான் என்று நினைக்கிறேன்.

வண்டிக்கு ஒன்பது வயது. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான் இரண்டாவது சொந்தக்காரன். ஸ்டீயரிங் வளையம் முழுக்கக் கறுப்புத் தோல், கரும்சாம்பல் நூலில் தையல், 3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் சின்னச் சின்னத் துளை போட்ட தோல். (வளையத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டுதான் இடம் சொல்லப்போகிறேன், உச்சி 12, அடி 6.) சூடேறும் வசதியோ, கை பிடித்திருக்கிறதா என்று உணரும் சென்சாரோ இதில் இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. அந்த வசதிகள் உள்ள வளையத்தில் தோலுக்கு அடியிலேயே கம்பியோ உணர்தகடோ ஓடும். அதில் உப்புத்தாளோடு இறங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

வாங்கும்போதே வளையத்தின் மேல்பாதி பளபளவென்று இருந்தது. பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். வெயில் நேரத்தில் கை லேசாக ஒட்டியது. 2 மணி இடத்தில் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்துக்கு நிறமே போய்ப் பழுப்பும் சாம்பலுமாக நார் தெரிந்தது. கியர் மாற்றும் கை போக, மற்றக் கை எப்போதும் கிடக்கும் இடம் அது. உச்சியில் மோதிரமோ நகமோ கீறிய மாதிரி எட்டு மில்லிமீட்டர் வெட்டு ஒன்று. தையல் நூலின் நிறமே தெரியாதபடி கறுப்பு அடைத்திருந்தது.

முதல் முயற்சி

ஈரத் துணியால் இரண்டு தடவை அழுத்தித் துடைத்தேன். காய்ந்ததும் தோலுக்கான கறுப்பு நிறத்தை ஸ்பாஞ்சில் தொட்டு, தாராளமாக இரண்டு பூச்சு. இரவு முழுக்கக் காயட்டும் என்று விட்டுவிட்டு, காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன்.

ஐந்தாவது நாள் உள்ளங்கையில் கறுப்புத் தீற்றல். 12-ஆவது நாள் 10 மணி இடத்தில் நகம் பட்டதும் பூச்சு ஒரு சின்னச் செதிலாக எழுந்தது. எழுந்ததை இழுத்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? இழுத்தேன். காய்ந்த பசையை விரலில் இருந்து உரிப்பது போல ஒரு கட்டைவிரல் அளவு தோலோடு ஒட்டாமல் அப்படியே வந்துவிட்டது. அதன் அடியில், நான் மூடியிருந்த பளபளப்பு முன்பு இருந்தது போலவே இருந்தது.

கார் சீட் தைக்கிற அண்ணன் ஒருவர் பழக்கம். அவரிடம் காட்டினேன். வளையத்தை 6 மணி இடத்தில் ஒரு தடவை, 10 மணி இடத்தில் ஒரு தடவை கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எதுக்குத் தம்பி பெயிண்ட் அடிச்சே?"

"தோல் தேஞ்சு போச்சுண்ணே, அதான்."

2 மணி இடத்தைக் காட்டினார். "தேஞ்சது இந்த ஒரு இடம்தான். மத்ததெல்லாம் அழுக்கு. அழுக்கு மேல அடிச்சா அழுக்குதான் பெயிண்டைப் பிடிக்கும், தோல் எப்படிப் பிடிக்கும்?"

சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று நாமே ஊருக்குச் சொல்வோம். நம் கையில் பிரஷ் வந்ததும் மறந்துவிடும்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது

அவர் 6 மணி இடத்தைத் தொட்டதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. வளையத்தின் அடிப்பகுதியை யாரும் அதிகம் பிடிப்பதில்லை. தொழிற்சாலையில் இருந்து வந்தபோது அந்தத் தோல் எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அதற்கான சாட்சி அங்கேயே இருக்கிறது. என் வண்டியில் அந்த இடம் பளபளக்கவே இல்லை. மங்கலாக, மெத்தென்று, கை வைத்தால் லேசான உராய்வோடு இருந்தது. ஸ்டீயரிங்குக்கு மினுமினுப்பு தேவையில்லை. சறுக்காத பிடியும், வெயிலைக் கண்ணுக்குத் திருப்பி அடிக்காத மங்கலும்தான் தேவை. அதனால்தான் தயாரிக்கும்போதே அதை மங்கலாகச் செய்கிறார்கள்.

பொதுவாக வண்டிகளில் வருவது குரோமிய உப்பால் பதனிட்ட மாட்டுத்தோல். கனம் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அதன்மேல் நிறமி கலந்த பூச்சு, அதற்கும் மேல் நிறமற்ற பாலியூரித்தேன் பூச்சு. நம் கை தொடுவது பெரும்பாலும் தோலை அல்ல, இந்தக் கடைசிப் பூச்சைத்தான். அந்தப் பூச்சின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாக இருக்கும். வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிப்பதால் மங்கலாகத் தெரிகிறது. கையின் எண்ணெய், வியர்வை உப்பு, உதிர்ந்த செதில்கள், சன்ஸ்கிரீன், கிரீம் எல்லாம் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்து மட்டமாக்கிவிடுகின்றன. மட்டமானதும் பளபளக்கிறது. (தமிழில் இரண்டுக்கும் 'தோல்' என்ற ஒரே சொல் என்பதால் குழப்பும். இந்தக் கட்டுரையில் தோல் என்றால் வளையத்தின் தோல். நம்முடையது வெறும் கை.)

இரண்டாவதாக ஒரு பளபளப்பும் உண்டு. வருடக்கணக்கில் உரசி உரசி அந்த மேடுகளே தேய்ந்து சமமாகிவிட்டால் அதுவும் மினுங்கும். இந்த இரண்டையும் பார்வையால் பிரிக்க முடியாது. சுத்தம் செய்த பிறகு போய்விட்டால் அழுக்கு, போகாவிட்டால் தேய்மானம். வேறு குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சானிடைசரை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 2020-க்குப் பிறகு வண்டிக்குள் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது; முந்தைய உரிமையாளரும் வைத்திருந்தார், கதவுப் பையில் காலி பாட்டில் கிடந்தது. உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவைகளில் ஒன்றில் 80 சதவீதம் எத்தனால், 1.45 சதவீதம் கிளிசரால். ஆல்கஹால் மேல்பூச்சை இளக்கும். ஆவியாகாத கிளிசரால் கையிலும் வளையத்திலும் பிசுபிசுப்பாகத் தங்கும். கை காய்வதற்குள் வளையத்தைப் பிடித்தால் இளகிய பூச்சின் மேல் உரசுகிறோம் என்று பொருள். 2 மணி இடத்துத் தேய்மானத்தில் மோதிரத்துக்கு எவ்வளவு பங்கு, இதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பங்கு இருந்திருக்கும்.

போதாததற்கு வெயில். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட அளவீட்டில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களில் ஸ்டீயரிங்கின் சூடு சராசரியாக 53 டிகிரி செல்சியஸ், டேஷ்போர்டு 69 டிகிரி. அந்தச் சூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இளகிப் பூச்சின் விரிசல்களுக்குள் இறங்கும். பிறகு அது துணிக்கு வராது.

இரண்டாம் முறை: முதலில் பரிசோதனை

முதலில் இது உண்மையிலேயே தோலா என்று பார்த்தேன். நிறம் போன இடத்தில் உருப்பெருக்கியால் பார்த்தால் நார் நாராக, மெல்லிய வெல்வெட் போலத் தெரிந்தது. செயற்கைத் தோலாக இருந்தால் படலம் படலமாக உரிந்து அடியில் நெய்த துணி தெரியும். அப்படி உரிகிற வளையத்தை இந்த முறையில் சரி செய்ய முடியாது. உரிவது நிற்காது, மேலே என்ன பூசினாலும் அதோடு சேர்ந்து உரியும்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. பஞ்சுக் குச்சியால் ஒரு சொட்டு. 6 மணி இடத்தில் சொட்டு முத்தாக நின்றது. 2 மணி இடத்தில் சில நொடியில் உறிஞ்சிக் கறுத்தது. அதாவது அங்கே மேல்பூச்சு, நிறப்பூச்சு இரண்டும் போய்விட்டன. 10 மணி, 12 மணி, 1 மணி இடங்களில் சொட்டு நின்றது, ஆனால் பரந்து நின்றது. அழுக்கு இருக்கிறது, பூச்சும் இருக்கிறது. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் வேலை அந்த ஆறு சென்டிமீட்டரோடு முடிந்திருக்கும்.

வளையத்தைக் கழற்றவில்லை. கழற்றினால் வேலை சுலபம்தான், ஆனால் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கியில் கொஞ்ச நேரம் மின்சாரம் இருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். தெரியாமல் கை வைக்கிற இடம் அதுவல்ல. ஆரங்களையும் பட்டன்களையும் மாஸ்கிங் டேப்பால் மூடி, நடுப்பகுதி மேல் ஒரு துண்டைப் போட்டுக் கட்டிவிட்டு, வண்டியில் இருந்தபடியே செய்தேன். முதுகு வலித்தது, வேறு குறை இல்லை.

பழைய பூச்சை எடுத்ததும், அதற்குக் கொடுத்த விலையும்

நான் பூசியதை முதலில் எடுக்க வேண்டும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, பிழிந்து, சின்னச் சின்னப் பகுதியாகத் துடைத்தேன். என் பூச்சு இளகி வந்தது. ஆனால் ஆல்கஹாலுக்கு நான் பூசியது எது, தொழிற்சாலை பூசியது எது என்று தெரியாதே. கவனமாகத்தான் செய்தேன், அப்படியும் 10 மணியில் இருந்து 11 வரையிலும், 1 மணி பக்கத்திலும் பழைய மேல்பூச்சு மெலிந்துவிட்டது. வண்டி என் கைக்கு வந்தபோது ஆறு சென்டிமீட்டர்தான் பழுது. இந்தக் கட்டத்தில் அது ஒரு சாண் நீளத்துக்கு மேல். ஒன்பது வருட ஓட்டத்தால் ஆனதைவிட என் ஒரு சாயங்காலத்தால் ஆன சேதம் அதிகம்.

சுத்தம் செய்தல்

இந்த வேலையின் பாதி நேரம் இதில்தான் போனது. போக வேண்டியதும் இதில்தான்.

எடுத்துக்கொண்டது தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, நுரையாக வரும் தோல் கிளீனர். வீட்டில் இருக்கிற தரை கிளீனரையும் குளியலறைத் திரவத்தையும் தொடவில்லை. குரோமியத்தால் பதனிட்ட தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, பி.எச். நாலு அல்லது அதை ஒட்டி. வீட்டுக் கிளீனர்கள் பலவும் நல்ல காரம். உடனே ஒன்றும் தெரியாது, நாளாக ஆகத் தோல் விறைத்து வெடிக்கும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கிற வெள்ளை மெலமின் ஸ்பாஞ்சையும் ஒதுக்கினேன். அழுக்கு அற்புதமாகப் போகும். ஏனென்றால் அது ஒரு நுண்ணிய உப்புத்தாள். அழுக்கோடு மேல்பூச்சும் சேர்ந்து போகும்.

நுரையை வளையத்தில் அடிக்கவில்லை, பிரஷ்ஷில் எடுத்தேன். மெல்லிய குதிரைமுடி பிரஷ். கடிகாரத்தில் ஒரு மணி இடைவெளி அளவுக்கு ஒரு பகுதி, அதாவது 12-இல் இருந்து 1 வரை என்று வைத்துக்கொண்டு, அரை நிமிடம் வட்டமாகத் தேய்த்து, நுரை காய்வதற்குள் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுப்பது, பிறகு உலர்ந்த துணியால் துடைப்பது. நனைத்து ஊறவிடக் கூடாது. தண்ணீர் தையல் வழியாக உள்ளே போனால் தோலை அடியில் இருக்கும் வளையத்தோடு ஒட்டியிருக்கும் பசை விடும், காயும்போது தோலும் சுருங்கும்.

முதல் சுற்றில் துணி கறுத்தது. அதில் என் பழைய பூச்சின் மிச்சமும் இருந்தது. இரண்டாவது சுற்றில் கரும்பழுப்பு. மூன்றாவதில் பழுப்பு. ஐந்தாவது சுற்றில்தான் துணி கிட்டத்தட்ட நிறமில்லாமல் வந்தது. இரண்டு சாயங்காலம் ஆனது. ஒரு கவனம் வேண்டும். அழுக்கு எப்போதும் கொஞ்சம் பழுப்பு கலந்தே வரும். பழுப்பே இல்லாத சுத்தக் கறுப்பு வந்துகொண்டே இருந்தால் அது அழுக்கல்ல, தோலின் நிறம். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

தையலுக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ், அதே நுரை. கரும்சாம்பல் நூல் வெளியே வந்தபோது கிடைத்த திருப்தி, உண்மையைச் சொன்னால், கடைசியில் நிறம் பூசி முடித்தபோதுகூடக் கிடைக்கவில்லை. துளை போட்ட பகுதிகளுக்கு நுரை மிகக் குறைவாக, பிரஷ் மிக மெதுவாக. துளைக்குள் போன நுரை வெளியே வருவதற்கு வழி இல்லை.

மறுநாள் காலை பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆல்கஹாலால் மேல்பூச்சு மெலியாத எல்லா இடமும், 4 மணியில் இருந்து 9 மணி வரை, துளைத் தோல், உச்சியின் பெரும்பகுதி, எல்லாமே 6 மணி இடத்தைப் போல மங்கலாகிவிட்டிருந்தன. ஒட்டும் தன்மை போய்விட்டது. அதாவது அந்த இடங்களுக்கு இதற்கு மேல் ஒன்றுமே தேவையில்லை. படிக்கிறவர்களில் பெரும்பாலோரின் வளையத்துக்கும் வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் ஊகம். துடைத்து வைத்துவிட்டு வண்டியை ஓட்டலாம்.

நாரைப் பிடித்து நிறுத்துதல்

மிச்சம் இருந்தது பூச்சு போன பகுதி. 2 மணி இடத்து நாரில் வருடக்கணக்கான எண்ணெய் ஊறியிருந்தது. நுரை அதை எடுக்காது. இதற்கென்று தெளிக்கும் எண்ணெய் நீக்கி ஒன்று இருக்கிறது. கரைப்பானோடு சேர்ந்து படிந்து, காய்ந்ததும் வெள்ளைப் பொடியாக நிற்கும். கரைப்பான் எண்ணெயை இளக்க, பொடி அதை மேலே உறிஞ்சும். துணியில் அடித்து அந்த இடத்தில் ஒற்றினேன். முதல் முறை பொடி மஞ்சளாகக் காய்ந்தது, மூன்றாவது முறை வெள்ளையாக. கதவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், வாசனை தலையைச் சுற்றும்.

அடுத்து உப்புத்தாள். 600 எண், பிறகு 1000 எண் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்). எழுந்து நிற்கிற நாரைப் படுக்க வைக்கிற அளவு மட்டும். விரலை மடக்கி அழுத்தித் தேய்க்கத் தோன்றும், கூடாது; தாளை விரல் நுனியில் வைத்துத் தடவினால் போதும். பழைய பூச்சு முடிகிற ஓரம் கைக்குத் தட்டுப்படாதவரை சரிவாக்கினேன். இந்த ஓரத்தை விட்டுவிட்டால் மேலே எத்தனை பூச்சு பூசினாலும் ஒரு கடற்கரைக் கோடு போலத் தெரிந்துகொண்டே இருக்கும்.

பைண்டர் என்பது தண்ணீர் போன்ற ஒரு பிசின் கரைசல். நாருக்குள் ஊறிக் காய்ந்து, தளர்ந்த நாரைக் கட்டிப் பிடிக்கும். மூன்று முறை ஊறவிட்டேன், ஒவ்வொரு முறையும் காய்ந்த பிறகு அடுத்தது. மூன்றாவதற்குப் பிறகு தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்த்தேன், உறிஞ்சவில்லை. முதல் முயற்சியில் இப்படி ஒரு பொருள் இருப்பதே எனக்குத் தெரியாது.

பிறகு ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வளைத்து, அதன் ஓரத்தால் இழுத்துப் படிய வைத்தேன். ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பினால் காயும்போது சுருங்கிக் குழி விழும், வளைகிற இடத்தில் வெடிக்கும். ஆகவே காகித அளவு மெல்லியதாக நாலு தடவை, நடுவில் அரை மணி நேரம் காத்திருப்பு, 1000 தாளால் லேசாகத் தடவல். உச்சியில் இருந்த வெட்டுக்கு முதலில் பல் குச்சி நுனியில் தோல் பசை, ஓரங்களைச் சேர்த்து அழுத்திப் பத்து நிமிடம், அதன் மேல் ஃபில்லர். துளைத் தோல் பக்கம் ஃபில்லரைக் கொண்டு போகவே இல்லை. துளை ஒரு முறை அடைபட்டால் ஊசி வைத்து ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும்.

நிறம்

கறுப்பு என்று பாட்டிலில் எழுதியிருக்கும். வண்டித் தோலில் இருக்கிற கறுப்பு அந்தக் கறுப்பு அல்ல. பகல் வெளிச்சத்தில் 6 மணி இடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் பாட்டில் கறுப்பு கிணறு மாதிரி ஆழமாக இருந்தது, வளையத்தின் கறுப்பு கரியில் துளி சாம்பல் விழுந்த மாதிரி. ஒரு மூடி அளவு கறுப்புக்கு இரண்டு சொட்டுச் சாம்பல் நிறம் சேர்த்ததும் பொருந்தியது. ஈரமாக இருக்கும்போது ஒப்பிடக் கூடாது; ஒரு வெள்ளைக் காகிதத்தில் தொட்டு, காயவைத்து, பிறகு பார்க்க வேண்டும். முதல் முயற்சியில் நான் மேல்பாதி முழுவதையும் பூசியதால் நிறம் பொருந்தாதது கண்ணில் படவில்லை. சின்னப் பகுதியாகப் பூசும்போதுதான் இந்த வம்பு.

ஸ்பாஞ்சைத் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு வெட்டி, நிறத்தைத் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றி விட்டு, மிச்சத்தை வளையத்தில் ஒற்றினேன். இழுக்கவில்லை. ஒற்றினால் தோலின் இயல்பான கரகரப்புக்கு ஒத்த ஒரு பரப்பு வரும். இழுத்தால் பிரஷ் கோடு விழும். முதல் பூச்சு அரைகுறையாக, திட்டுத் திட்டாக, பார்க்கவே கவலையாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஐந்தாவது பூச்சில் மூடியது. பூச்சுக்குப் பூச்சு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடித்து ஐந்து நிமிடம். ஏர்பேக் மூடியின் மேல் அந்தச் சூடு படாமல் துண்டு மூடியே இருந்தது. நூலில் பட்ட நிறத்தை அப்போதைக்கப்போது ஈரப் பஞ்சுக் குச்சியால் எடுத்தேன். காய்ந்த பிறகு எடுக்கலாம் என்று விட்ட இரண்டு தையல்கள் இன்றும் கறுப்பாகவே இருக்கின்றன.

மேல்பூச்சு

நிறம் மட்டும் பூசிவிட்டு நிறுத்தினால் என் முதல் முயற்சி மறுபடியும் அரங்கேறும். கையின் உரசலைத் தாங்க வேண்டியது நிறமற்ற மேல்பூச்சு. மங்கலானதாக வாங்கினேன். அதோடு குறுக்குப்பிணைப்பி என்ற கடினமாக்கி தனிச் சின்ன பாட்டிலில் வருகிறது. சொட்டுச் சொட்டாகக் கலக்க வேண்டும். பூச்சின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுவது அதன் வேலை. முடிச்சு விழுந்த பிறகு தண்ணீருக்கோ வியர்வைக்கோ எளிதில் இளகாது. கலந்தது சில மணி நேரம்தான் உதவும், ஆகவே தேவையானதை மட்டும் கலக்க வேண்டும். கையுறை கட்டாயம். இந்தக் கடினமாக்கிகள் கையிலும் மூச்சுக்குழாயிலும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. மூடிய வண்டிக்குள் ஸ்பிரேயாக அடிக்கிற யோசனை யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பாஞ்சால் மூன்று மெல்லிய பூச்சு, பூச்சு ஓரத்தைச் சுற்றியிருக்கும் பழைய தோல் மேலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஏற்றி.

தொட்டால் ஒட்டாத நிலை கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. அது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல என்பது 12 நாள் பாடம். மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஈரத் துணி படவிடவில்லை.

பின்தொடர்தல்

ஒரு மாதம்: மாற்றம் இல்லை. வெள்ளைத் துணியை ஈரமாக்கி அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், நிறம் வரவில்லை. 2 மணி இடம் மற்ற இடத்தைவிடத் துளி வழவழப்பாக இருப்பது கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

மூன்று மாதம்: 10 மணி இடத்தில் மறுபடி லேசான மினுமினுப்பு. இந்த முறை பயப்படவில்லை. பிரஷ், நுரை, பத்து நிமிடம், போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை ஈர மைக்ரோஃபைபரால் துடைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கண்டிஷனர், எண்ணெய் எதுவும் போடுவதில்லை. பூச்சு ஒழுங்காக இருக்கிற தோலுக்குள் அது அதிகம் போகாது. மேலே நின்று வழுக்கும், தூசியைப் பிடிக்கும், நாளை எப்போதாவது பூச வேண்டி வந்தால் ஒட்டவிடாது. சமையல் எண்ணெய், ஷூ பாலிஷ் யோசனைகளும் வந்தன. சமையல் எண்ணெய் சில மாதத்தில் காறும். ஷூ பாலிஷ் கையிலும் சட்டையிலும் ஒட்டும். வளைவில் திருப்பும்போது கை வழுக்கினால் அழகைப் பற்றி யார் பேசுவது?

ஆறு மாதம்: 2 மணி இடத்தின் உள்விளிம்பில், கட்டைவிரல் கொக்கி போட்டுப் பிடிக்கிற இடத்தில், நகத்தளவு மேல்பூச்சு மெலிந்திருந்தது. செதிலாக எழவில்லை, தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஓரம் பிடித்து உரிக்கப் பார்த்தேன், வரவில்லை. சுத்தம் செய்து, ஆல்கஹால் ஒற்றி, நிறம் ஒரு பூச்சு, மேல்பூச்சு இரண்டு. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

சீட் தைக்கிற அண்ணன் பார்த்துவிட்டு வெட்டு இருந்த இடத்தைச் சரியாகக் கட்டைவிரலால் கண்டுபிடித்தார். அங்கே ஒரு மெல்லிய வரி இன்னும் இருக்கிறது. "இது வளையத்தோட முதுகுல இருந்து இழுபடற இடம், மறுபடி விரியும். ரெண்டாவது தடவை விரிஞ்சா ஒட்டாதே, புதுத் தோல் போட்டுத் தைச்சுடலாம்" என்றார். தையல் விட்டுப்போன வளையம், தோல் கிழிந்து அடியில் நுரைப்பஞ்சு தெரிகிற வளையம் இவற்றையும் அவர் பூசித் தருவதில்லை, நேரே தைத்துவிடுகிறார்.

மிச்ச நிறத்தைச் சின்ன பாட்டிலில் அடைத்து, "கறுப்பு ஒரு மூடி, சாம்பல் 2 சொட்டு, 6 மணியோடு பொருத்தியது" என்று எழுதி ஒட்டி, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன்.